பதினான்கு உருண்டைகளும் ஒரு முக்கோணமும்

நெதர்லாந்தில் ஆரம்பப் பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு 'ரேகனன்' என்று பெயர். பன்னிரண்டு வயதில் அடுத்த பள்ளிக்குப் போனதும் அதே கணக்கு 'விஸ்குண்டே' ஆகிவிடும். போன செப்டம்பரில் என் மகள் புதுப் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே கேட்டாள்: "அப்பா, இங்கிலீஷ்ல மேத்தமேட்டிக்ஸ். ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். டச்சுல மட்டும் ஏன் விஸ்குண்டே?"

ஒன்பது வருடமாக இந்த ஊர் மொழியில் வேலை பார்க்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. 'விஸ்' என்றால் உறுதியானது, ஐயமற்றது. ஐயமற்ற அறிவு, அதுதான் விஸ்குண்டே. யார் வைத்த பெயர் என்று தேடிப் போனபோது கிடைத்தவர் பதினாறாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின். அவரைத் தேடிப் போனபோது கிடைத்தது 1586-இல் லைடன் நகரத்தில் அச்சான ஒரு சிறிய புத்தகம். பெயர் 'டே பெகின்சலன் டெர் வேக்கொன்ஸ்ட்'. தமிழில் 'எடைக்கலையின் அடிப்படைகள்' என்று சொல்லலாம். எடை, நெம்புகோல், சாய்தளம், ஈர்ப்பு மையம் ஆகியவற்றைக் கணிதமாகப் பேசும் நூல். நியூட்டனின் பெருநூல் வருவதற்கு 101 ஆண்டுகள் முந்தையது.

சென்ற மாதம் அதை நேரில் பார்த்தேன். இந்த நாட்டு நூலகம் ஒன்றில் அரிய நூல்களுக்கென்று தனி அறை இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, நாள் வாங்கிக்கொண்டு போனேன். பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாய்வான பஞ்சுத் தாங்கிகள் இரண்டை மேசைமேல் வைத்து, அவற்றின் நடுவே புத்தகத்தை வைத்தார் நூலகர். முதுகு முறியாமல் பாதி திறந்த நிலையில் அது படுத்துக்கொண்டது. பக்கம் புரளாமல் இருக்கத் துணி உறைக்குள் ஈயக் குண்டுகள் கோத்த ஒரு கயிறு. எடையைப் பற்றிய நூலை இரண்டு சாய்தளங்கள் தாங்க, கோத்த குண்டுகள் பிடித்திருந்தன. முதல் பக்கத்தைத் திருப்பியபோதுதான் அந்தப் பொருத்தம் எனக்கு உறைத்தது.

முதல் பக்கத்தில் இருப்பதும் அதுதான். ஒரு முக்கோணம். அதைச் சுற்றி மாலைபோல ஒரே அளவான பதினான்கு உருண்டைகள். மேலே ஒரு வாசகம்: 'வொண்டர் என் இஸ் கேன் வொண்டர்'. வியப்பு வியப்பல்ல. அந்தக் காலத்தில் முதல் பக்கத்தில் அச்சகத்தின் முத்திரை இருப்பதுதான் வழக்கம். அச்சிட்டது பெயர்பெற்ற பிளான்டின் அச்சகம். லைடன் கிளையை அப்போது நடத்தியவர் பிளான்டினின் மருமகன் ரஃபலெங்கியுஸ். அத்தனை பெரிய அச்சகத்தின் முத்திரை வர வேண்டிய இடத்தில் ஸ்டெவினின் உருண்டை மாலை உட்கார்ந்திருக்கிறது. பின்னாளில் அதையே தன் அடையாளச் சின்னமாக வைத்துக்கொண்டார் அவர். தான் கண்டதில் எது பெரிது என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்த மாலையில் என்ன இருக்கிறது என்று நிதானமாகச் சொல்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஒரு முக்கோணத்தை அடிப்பக்கம் கிடைமட்டமாக இருக்கும்படி நிறுத்துங்கள். மேலே கூர்முனை. இடப்பக்கச் சரிவு வலப்பக்கச் சரிவைப்போல இரண்டு மடங்கு நீளம். இப்போது சம எடையுள்ள பதினான்கு உருண்டைகளைச் சம இடைவெளியில் நூலில் கோத்து, மூடிய மாலையாக்கி, முக்கோணத்தின் மேல் போடுங்கள். நீளச் சரிவில் நான்கு உருண்டைகள் உட்காரும். குட்டைச் சரிவில் இரண்டு. மீதி எட்டும் கீழே ஊஞ்சல்போல் தொங்கும். புத்தகத்தில் ஒவ்வொரு உருண்டைக்கும் ஓர் எழுத்து. டி-யில் தொடங்கி ஆர் வரைக்கும் போகிறது. எண்ணினால் பதினைந்து வர வேண்டும், பதினான்குதான் இருக்கிறது. அப்போது 'ஜே' தனி எழுத்து இல்லை, 'ஐ'யோடு ஒன்றாகவே இருந்தது. பென்சிலால் எண்ணி எண்ணிக் குழம்பி, பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது.

மாலை ஓடுமா, நிற்குமா?

இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் இரண்டு. நான்குதான் கனம், எனவே இடப்பக்கமாக வழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் உருண்டை அளவு நகர்ந்ததும் என்ன ஆகும்? ஒன்றின் இடத்துக்கு அடுத்தது வந்திருக்கும். மறுபடியும் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் இரண்டு, கீழே எட்டு. எதுவும் மாறவில்லை. எனவே மறுபடியும் நகர வேண்டும். மறுபடியும். யாரும் தள்ளாமல், எந்தச் செலவும் இல்லாமல், மாலை தானாகவே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டெவின் அதற்கு 'என்றென்றைக்குமான ஓட்டம்' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட்டு, அது பொய் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எனவே மாலை ஓடாது.

அடுத்த அடி இன்னும் அழகு. கீழே தொங்கும் எட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்குகின்றன. இந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறதோ அதே அளவுதான் அந்தப் பக்கமும் இழுக்கிறது. எனவே அந்த எட்டையும் வெட்டி எடுத்துவிட்டாலும் மேலே ஒன்றும் அசையாது. மிச்சம் என்ன? நீளச் சரிவில் நான்கு, குட்டைச் சரிவில் இரண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சரிவு எத்தனை மடங்கு நீளமோ அத்தனை மடங்கு எடையை அது தாங்கும். சாய்தளத்தின் விதி அவ்வளவுதான்.

சூத்திரம் ஒன்றும் இல்லை, சைன் இல்லை, அளவீடுகூட இல்லை. ஒரு படமும் 'அப்படி நடக்காது' என்ற ஒரு திடமான நம்பிக்கையும் மட்டுமே. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். சாய்தளத்தில் விசையை இரண்டாகப் பிரித்து எழுதும் கணக்கை எத்தனை நூறு தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த விதி ஏன் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதை 42 வயதில், அந்த மேசையில்தான் என் கண்ணால் பார்த்தேன்.

இது எளிதான கேள்வி என்று நினைத்துவிடக் கூடாது. அலெக்ஸாந்திரியாவின் பாப்பஸ் பழங்காலத்திலேயே இதை முயன்று தவறான விடைக்குப் போனார். சமதரையில் ஒரு பொருளைத் தள்ளவே ஒரு விசை வேண்டும் என்று தொடங்கியதால் வந்த பிழை அது. 1577-இல் இத்தாலியில் குய்டோபால்டோ டெல் மோன்டே இயந்திரவியலுக்கென்றே ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதுவும் சாய்தளத்தில் பாப்பஸ் போன வழியில்தான் போனது. 13-ஆம் நூற்றாண்டில் ஜோர்டானஸ் பெயரில் வழங்கிய ஒரு கைப்பிரதியில் சரியான விடை இருந்தது. 1565-இல் அது வெனிஸில் அச்சாகவும் செய்தது. ஆனால் அதன் வழி வேறு. இந்த மாலை ஸ்டெவினுடையது மட்டுமே.

நெம்புகோலுக்கு அவர் தரும் விளக்கம் ஆர்க்கிமிடீஸின் வழிவந்தது. ஒரு சீரான தூணை அதன் நடுவில் கட்டித் தொங்கவிட்டால் கிடைமட்டமாக நிற்கும். அதை மனத்தால் இரண்டு சமமில்லாத துண்டுகளாகப் பிரியுங்கள். தூணின் நீளம் ஆறு பங்கு, துண்டுகள் நான்கும் இரண்டும் என்று வையுங்கள். நான்கு பங்குத் துண்டின் மையம் தொங்கும் புள்ளியிலிருந்து ஒரு பங்கு தள்ளி இருக்கும், இரண்டு பங்குத் துண்டின் மையம் இரண்டு பங்கு தள்ளி இருக்கும். நான்கு ஒன்று நான்கு, இரண்டு இரண்டு நான்கு. முடிந்தது. அவருக்கு முன்னால் பலர் நெம்புகோலை விளக்க அதன் முனைகள் வரையும் வட்டங்களைக் காட்டினார்கள். ஸ்டெவினுக்கு அது பிடிக்கவே இல்லை. அசையாமல் நிற்பது வட்டம் வரைவதில்லை. பிறகு நிற்பதற்குக் காரணம் வட்டத்தில் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். பிற்காலத்து இயற்பியல் அந்த வட்டங்களின் பக்கம்தான் பெரிதும் சாய்ந்தது என்பது வேறு விஷயம். அவர் பிடிவாதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

இதோடு சேர்த்தே அச்சான நீரெடை நூல் தனிக் கதை. பாத்திரத்தின் அடியில் நீர் கொடுக்கும் மொத்த விசை நீரின் உயரத்தையும் அடிப்பரப்பையும் பொறுத்ததே தவிர பாத்திரத்தின் வடிவத்தைப் பொறுத்ததல்ல என்று அதில் நிறுவுகிறார். பின்னிணைப்பில், தானும் டெல்ஃப்ட் நகரத்து யான் கார்னெட்ஸ் டே க்ரோட்டும் சேர்ந்து செய்த ஒரு சோதனையைச் சொல்கிறார். ஒன்றைப்போல் மற்றொன்று பத்து மடங்கு எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒரு பலகைமேல் போட்டார்கள். இரண்டு சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்டதாம். காதால் அளந்திருக்கிறார்கள்! பைசா கோபுரத்துக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். இது யாருக்கும் தெரிவதில்லை.

ஏன் தெரியவில்லை என்பதில்தான் எனக்கு நெஞ்சு கனத்தது. புத்தகம் டச்சு மொழியில் இருக்கிறது. ஐரோப்பாவில் அறிஞர் எழுதினால் லத்தீன்தான் என்றிருந்த காலம். ஸ்டெவின் தெற்கே ப்ரூகே நகரத்தில் பிறந்தவர். லைடன் பல்கலைக்கழகம் தொடங்கி எட்டு வருடமே ஆகியிருந்த 1583-இல் அங்கே மாணவராகப் பெயர் பதிந்தார். நாடு ஸ்பெயினோடு போரில் இருந்தது. 1585-இல் ஆன்ட்வெர்ப் நகரம் விழுந்தது. அதற்கு அடுத்த வருடம், அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, நூலைப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு அர்ப்பணித்துவிட்டு, உள்ளே முழுக்க முழுக்கத் தன் ஊர் மக்கள் பேசும் மொழியில் எழுதினார். டச்சு தெரியாதவர்களின் கைக்கு அது போய்ச்சேர ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது. 1605 முதல் 1608 வரை ஸ்நெல்லியுஸ் லத்தீனில் கொண்டுவந்த தொகுப்பின் வழியாகத்தான் அது வெளியுலகைப் பார்த்தது. ஒளிவிலகல் விதியில் நாம் படித்த அதே ஸ்நெல்தான்.

தெரியாமல் செய்த காரியம் இல்லை. நூலின் தொடக்கத்திலேயே டச்சு மொழியின் மேன்மையைப் பற்றி ஒரு நீண்ட உரை வைத்திருக்கிறார். அறிவியல் சொல்ல ஏற்ற மொழி இதுதான், ஏனென்றால் குட்டிச் சொற்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கோத்துப் புதுச் சொல் ஆக்கலாம் என்பது வாதம். வெறுமனே சொல்லவில்லை, எண்ணியிருக்கிறார். தன்மை ஒருமையில் ஓரசையாக நிற்கும் வினைகள் டச்சில் 742, லத்தீனில் 5 என்று பட்டியலே போட்டிருக்கிறார். அந்தப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடுகிறது.

அந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை. சொல்லின் நீளத்தை வைத்து மொழியை எடைபோட முடியாது. ஆனால் கோத்துச் சொல்லாக்குவதைப் பற்றி அவர் சொன்னது உண்மை, அதைப் படிக்கும்போது எனக்கு நம் சொற்கள்தான் ஞாபகம் வந்தன. சாய்தளம். நெம்புகோல். இரண்டும் வினைத்தொகை. சாய்ந்த தளம், சாய்கின்ற தளம், சாயும் தளம், மூன்றும் அதற்குள் அடங்கும். 'பேரலல்' என்பதற்கு அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் 'ஏவன்வைடக்' என்ற சொல்லுக்குச் 'சம அகலமானது' என்று பொருள். பிள்ளை கேட்டாலும் புரியும். இன்றைக்கும் என் மகளின் பாடப்புத்தகத்தில் அதே சொல்தான் இருக்கிறது.

அவர் புதுச் சொற்களை எப்படி அச்சிட்டிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வரிக்குள் டச்சுச் சொல். அதற்கு நேராக, ஓரத்து வெற்றிடத்தில் சின்னதாக லத்தீன் சொல். பழகியவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று லத்தீனை ஓரத்தில் நிற்க வைத்திருக்கிறார். வாக்கியத்துக்குள் விடவில்லை. அந்த ஓரத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளி முழுக்கத் தமிழில் படித்தவன். பொறியியல் முதலாண்டில், முதல் வாரம், ஒரு கேள்விக்கு விடை தெரிந்து எழுந்து நின்றேன். 'சாய்தளம்' என்ற சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, அதற்கான ஆங்கிலம் வரவில்லை. சாய்தளம் என்றே சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் "இது தமிழ் வகுப்பு இல்லை" என்று உட்காரச் சொன்னார். விடை சரியா தப்பா என்று கடைசி வரை சொல்லவில்லை. அன்றிலிருந்து தமிழில் தெரிந்த இயற்பியலை எல்லாம் ஒரு மூட்டையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டேன். 1586-இல் ஒருவர் அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறார், அதற்காகப் புகழை இழக்கவும் துணிந்திருக்கிறார் என்று அந்த ஓரத்துச் சின்ன எழுத்துகளைப் பார்த்தபோது தெரிந்தது. 1600-இல் லைடனில் பொறியாளர்களுக்கென ஒரு பள்ளி தொடங்கியபோதும் பாடத்திட்டம் வகுத்தவர் ஸ்டெவின்தான். பாடம் டச்சில்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் மாலையை வரைந்து காட்டினேன். அவளுக்குப் படம் போதவில்லை, செய்து பார்க்க வேண்டும் என்றாள். மரத்துண்டை ஆப்பு வடிவில் அறுத்து, பக்கங்களை மெழுகு தேய்த்து வழவழப்பாக்கி, பதினான்கு மரமணிகளைக் கோத்துப் போட்டோம். நின்றது. எனக்குச் சந்தோஷம். அவள் மாலையை விரலால் இரண்டு மணி தள்ளி விட்டாள். அங்கேயும் நின்றது.

"உராய்வுதான் பிடிச்சிருக்குப்பா. இதுல எதுவும் நிரூபணம் ஆகலை."

அவள் சொன்னது சரி. உண்மையான மாலை எப்படியும் நின்றுவிடும். ஸ்டெவினின் மாலை உராய்வே இல்லாத ஒன்று, அதை மனத்தில் மட்டும்தான் போட முடியும். அதைச் செய்துபார்த்து உறுதிசெய்ய முடியாது, யோசித்துத்தான் உறுதிசெய்ய முடியும். 'ஐயமற்ற அறிவு' என்று பெயர் வைத்தவருக்கு அது பொருத்தமே. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு இந்தப் பதில் போதாது. எனவே விதியின் முடிவையாவது சோதிப்போம் என்றேன்.

60 சென்டிமீட்டர் பலகை. ஒரு முனையை 30 சென்டிமீட்டர் உயர்த்தினோம். சின்ன உருளைகள் உள்ள ஒரு பொம்மை வண்டி, சுமையோடு சேர்த்துச் சரியாக 400 கிராம். நூலைக் கப்பி வழியாக எடுத்து மறுமுனையில் ஒரு காகிதக் கிண்ணம். சரிவின் நீளம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு, எனவே கிண்ணத்தில் 200 கிராம் இருந்தால் நிற்க வேண்டும். பத்துப் பத்துக் கிராமாகப் போட்டுப் பார்த்தோம். 180-இல் வண்டி மெல்லக் கீழே இறங்கியது. 190-இல் நின்றது. 200, 210 இரண்டிலும் நின்றது. 220 வைத்ததும் மேலே ஏறத் தொடங்கியது. அவள் 180-க்கும் 220-க்கும் நடுவில் கோடு போட்டு 200 என்று எழுதினாள். உராய்வு எவ்வளவு கெடுக்கிறதோ, அதை இரண்டு பக்கமும் சமமாகக் கெடுக்கிறது என்று அவளாகவே சொன்னாள்.

இரவு பத்தரைக்குப் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள். "நாளைக்கு மூணு மடங்கு பண்ணுவோம்பா. 90 சென்டிமீட்டர் பலகை, அதே 30 உயரம்."

"நானூற மூணால வகுத்தா 133 சொச்சம் வரும்மா. அந்த எடைக்கு எங்கே போறது?"

வாயில் நுரையோடு கொஞ்சம் யோசித்தாள்.

"வண்டிய 600 ஆக்கினா போதுமே. கிண்ணத்துல அதே 200 இருக்கட்டும்."